ஊராட்சித் தொட்டியில் ஒரு டிஷ்ஷுக்கு இடம் கொடுங்கள்

தென்காசி மாவட்டத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் வீடுகளுக்கு முன்னால் கண்ணில் படுபவை இரண்டு: கோயில் கோபுரம், ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டி மக்கள் பணத்தில், ஊருக்குள் மேடான இடமாகப் பார்த்துக் கட்டியது. அதன் தூணில் ஓர் அடியைவிடச் சற்றே அகலமான ஒரு டிஷ்ஷைப் பொருத்த ஊர்க்காரர்களுக்கு அனுமதி கொடுத்தால், கண்ணாடியிழை எட்டாத தோப்புகளுக்கும் மலையடிவாரக் குடியிருப்புகளுக்கும் இணையம் போய்ச் சேர்ந்துவிடும். இதற்குப் புது டவரோ பெரிய நிதியோ தேவையில்லை. ஒரு விண்ணப்பப் படிவமும், அதை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரியும் இருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். வீடு இலஞ்சியில். தம்பியின் தென்னந்தோப்பு பண்பொழிப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. எங்கள் தெருவுக்குக் கண்ணாடியிழை இணைப்பு வந்துவிட்டது. தோப்பிலோ மலை மறைப்பதால் செல்போனில் ஒரு கோடு வரும், போகும். ஒற்றை வீட்டுக்காக அவ்வளவு தூரம் கேபிள் இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கேபிள்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி மகளின் கல்லூரி விண்ணப்பமும், பயிர்க் காப்பீடும், தேங்காய் விலை விசாரிப்பும் இன்று இணையம் வழியாகத்தான் நடக்கின்றன. வடகரை, மேக்கரைப் பக்கம் இரவில் யானை இறங்கித் தென்னையை முறித்துப் போடுவது அடிவாரத்தில் எல்லாருக்கும் பழகிப்போன பயம். வேலியோரம் ஒரு கேமரா இருந்து, அதில் தெரிவதை வீட்டுக்குள்ளிருந்தே பார்க்க முடிந்தால், சத்தம் கேட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆள் வெளியே போகவேண்டியதில்லை. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எங்கள் வீட்டு மாடிக்கும் அந்தத் தோப்புக்கும் வான்வழியில் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். நடுவில் பெரும்பாலும் வயல்வெளி. இந்த முனையில் ஒரு டிஷ், அந்த முனையில் ஒரு டிஷ் வைத்து, ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பிவிட்டால், வீட்டு இணையத்தைத் தோப்புவரை கொண்டுபோய்விடலாம். இதற்கு லைசென்ஸ் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மத்திய அரசு 2005 ஜனவரியிலேயே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த விட்டது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு, வீட்டுக்குள்ளும் வெளியிலும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற கருவியாக இருக்கவேண்டும், வலுவும் வரம்புக்குள் இருக்கவேண்டும் என்பவையே நிபந்தனைகள். ஆகாயத்தில் நமக்குப் பாதை போட்டுக் கொடுத்தாகிவிட்டது. அதில் ஏறுவதற்குத்தான் வழியில்லை.

அது ஏன் என்று புரிய, கொஞ்சம் இயற்பியல் சொல்லவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் விளிம்பு விளைவுப் பாடம் நடத்தும்போது ஃபிரெனெல் என்ற பெயர் வரும். இரண்டு டிஷ்களும் ஒன்றையொன்று பார்த்தால் போதாது. அந்தப் பார்வைக்கோட்டைச் சுற்றிலும் தடையில்லாத வெளி வேண்டும் என்று நமக்குச் சொல்வது அவருடைய கணக்குதான். அந்த வெளி இரு முனையிலும் ஒடுங்கி, நடுவில் பருத்திருக்கும். 5.8 கிகாஹெர்ட்ஸில் எட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் அதன் ஆரம் சுமார் 10 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது கோட்டைச் சுற்றி 6 மீட்டராவது, மரமோ கட்டடமோ இல்லாமல் இருக்கவேண்டும். பூமியின் வளைவு இந்தத் தூரத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்; அது பெரிய தடையில்லை. தடை, தென்னை.

குற்றாலத்தில் சாரல் என்றால் ஊருக்கே கொண்டாட்டம். இந்த அலைக்கும் சாரலால் தொந்தரவில்லை. அதன் அலைநீளம் ஐந்து சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் மழைத்துளி அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மழையில் நின்றுபோகிற டி.டி.எச். டிஷ் இதைப்போல இருமடங்கு அதிர்வெண்ணில் வேலை செய்வது, அதுவும் விண்வெளியிலிருந்து வரும் மெலிந்த சிக்னலை வாங்குவது. ஆனால் நனைந்த தென்னோலை விஷயமே வேறு. காய்ந்த ஓலை வழியாக ஓரளவு நுழைந்து போகும் சிக்னல், ஓலையில் தண்ணீர் நின்றதும் அதிலேயே அடங்கிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் மட்டை ஆடும்போது அது விநாடிக்கு விநாடி மாறவும் செய்யும். மழையைப் பார்த்துப் பயப்படவேண்டாம். மரத்துக்கு மேலே போய்விட்டால் போதும்.

மரத்துக்கு மேலே போவது எப்படி? தம்பியின் மோட்டார் ரூம் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தென்னை உச்சி தவிர எதுவும் தெரியாது. பக்கத்துக் குடியிருப்பில், மரமில்லாத ஒரு மேட்டில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அதன் படிக்கட்டிலிருந்து இலஞ்சித் திசை பளிச்சென்று தெரிகிறது. அங்கிருந்து வண்டித்தடம் வழியாகத் தம்பி வீட்டு முற்றமும் தெரிகிறது. தூணில் ஒரு டிஷ் வைக்கலாமா என்று கேட்கப் போனோம். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்று சொல்லவும் யாருக்கும் அதிகாரம் இல்லை. எந்தப் படிவத்தில் கேட்பது, யார் கையெழுத்துப் போடுவது, என்ன கட்டணம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "இப்படி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியில் தோப்புக்குள்ளேயே தென்னைக்கு மேல் தலைநீட்டும் உயரத்துக்கு இரும்புக் கம்பம் நட்டு, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினோம். டிஷ் வைக்க வந்தது கேபிள் வேலை பார்க்கும் ஒரு பையன். அவன் கம்பத்தின் உச்சியில், இடுப்பில் பெல்ட்டோடு. நான் இலஞ்சியில் மாடியில், மடிக்கணினியோடு.

"டீச்சர், இப்ப எவ்வளவு காட்டுது?"

"மைனஸ் 82."

"கொஞ்சம் கிழக்க திருப்புதேன். இப்ப?"

"விட்டுப்போச்சுப்பா. ஒண்ணுமே இல்ல."

"இருங்க, அவசரப்படாதீய. இன்னுங் கொஞ்சம் திருப்புதேன்."

மைனஸ் எண் குறையக் குறையச் சிக்னல் வலுக்கிறது என்று பொருள். மைனஸ் 75 வந்தது. பிறகு 69. பிறகு 66-இல் நின்றது. அந்தத் தூரத்துக்கும் அந்த டிஷ்ஷுக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டால் வருவது மைனஸ் 65. முதலில் கிடைத்த 82, டிஷ்ஷின் ஓரமாகக் கசியும் கதிர். அதிலேயே திருப்தியாகி நட்டை முறுக்கிவிட்டால் இணைப்பு நாளெல்லாம் நொண்டும். சிக்னல் ஒருமுறை ஏறி, இறங்கி, மறுபடி அதைவிட உயரமாக ஏறும்வரை பொறுத்திருக்கவேண்டும் என்பதை அந்தப் பையன் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, கையால் கற்றிருக்கிறான். நம் ஊர்களில் இப்படிப்பட்ட கைகள் நிறைய இருக்கின்றன.

இணைப்பு கிடைத்துவிட்டது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு என்னை விடவில்லை. இரண்டு டிஷ்களுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கம்பத்துக்கும், கான்கிரீட் அடித்தளத்துக்கும், இடிதாங்கிக்கும், கூலிக்கும் ஆனது அதைப்போலப் பல மடங்கு. கருவி மலிந்துவிட்டது, அலைவரிசை இலவசம்; காசு முழுவதும் உயரத்துக்குப் போகிறது. தேங்காய் விலை நன்றாக இருந்த வருஷம் என்பதால் தம்பிக்கு முடிந்தது. பக்கத்தில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும், தோப்புகளில் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கும் முடியாது. கூப்பிடு தூரத்தில் ஊர்ச்சொத்தாக ஓர் உயரம் நின்றுகொண்டிருக்கும்போது, ஆளுக்கொரு கம்பம் நடச் சொல்வது ஏழைக்கு இணையம் வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

இந்தத் தொழில்நுட்பம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனியில், அரவிந்த் கண் மருத்துவமனை இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டிவிட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான ஆய்வுக்குழு, சாதாரண வைஃபை அட்டைகளையே எடுத்துக்கொண்டு, தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டார ஊர்களில் இருந்த சிறு கண் பரிசோதனை மையங்களையும் இணைத்தது. மையத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியிலிருந்து மருத்துவர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். வீட்டு வைஃபை, அனுப்பிய ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் உடனே பதில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கும். தூரம் கூடினால் பதில் வருவதற்குள் பொறுமையிழந்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அதை மாற்றி, இரு முனைகளும் நேரம் பிரித்து முறைவைத்துப் பேசும்படி செய்ததுதான் அந்தக் குழுவின் சாதனை. 2007-இல் வெனிசுவேலாவில் மலைச் சிகரங்களுக்கு இடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை எட்டியது. அதோடு ஒப்பிட்டால் இலஞ்சிக்கும் பண்பொழிக்கும் உள்ள தூரம் ஒரு பொருட்டே அல்ல.

பெர்க்லி குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில் சொன்னது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஊர்ப்புறத்தில் இந்த இணைப்புகளைப் படுக்கவைப்பது அலையோ தூரமோ அல்ல. தரமில்லாத மின்சாரமும், பழுது பார்க்க உள்ளூரில் பழகிய ஆள் இல்லாததும்தான் என்று அவர்கள் கண்டார்கள். அதற்கு முன்பே மதுரை மாவட்டம் மேலூரில் இதே பாடம் கிடைத்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, 2001-இல் அங்கே ஊர் ஊராக இணைய கியோஸ்க்குகள் திறக்கப்பட்டன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் அதில் கைகோத்தன. அவ்வளவு பெரிய பெயர்கள் பின்னால் இருந்தும், தொடர்ந்து கைகொடுக்க ஆளும் வருமானமும் இல்லாமல் பல கியோஸ்க்குகள் மூடப்பட்டுவிட்டன.

இந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டி இதற்கு ஏன் சரியான இடம் என்பது தெளிவாகும். தொட்டிக்குத் தினமும் ஒருவர் வருகிறார். மோட்டார் போட்டு, வால்வு திருப்பி, தண்ணீர் விடும் டேங்க் ஆபரேட்டர் அவர். அருகிலேயே மின்இணைப்பு இருக்கிறது. இந்த டிஷ் பத்து வாட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் ஓடுவது. ஒரு சின்ன பேட்டரி வைத்தால் கரண்ட் போனாலும் இரவு முழுக்கத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு எர்த்தும் சர்ஜ் பாதுகாப்பும் கட்டாயம். ஆளுக்கொரு கம்பத்தில் அதை யாரும் சரியாகச் செய்யமாட்டார்கள். பொது இடம் என்றால் ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிடலாம். அந்த ஆபரேட்டருக்கு ஒரு வாரப் பயிற்சியும் மாதம் ஒரு சிறு தொகையும் கொடுத்தால் கனெக்டரைச் சோதிப்பது, பேட்டரியைப் பார்ப்பது, டிஷ் திரும்பியிருந்தால் சரிசெய்வது எல்லாம் உள்ளூரிலேயே நடக்கும். பக்கத்து ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் இது நல்ல தொழில்.

பொதுச்சொத்தின் உயரத்தைத் தகவல்தொடர்புக்குக் கொடுப்பதும் புதிதல்ல. செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைப்பாதை ஏறினால் கேரளம். அங்கே 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கேஃபோன் திட்டம், மாநில மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகத்தான் கண்ணாடியிழையைக் கொண்டுபோகிறது. இங்கேயும் சாலையோரம் மின்கம்பங்களில் கண்ணாடியிழை தொங்குவதைப் பார்க்கிறோம். தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் இலக்கு 12,525 ஊராட்சிகள். அது ஊராட்சி அலுவலகம்வரை வரும். அதற்கப்பால் உள்ள தோப்புக்கும் தொலைவில் இருக்கும் குடியிருப்புக்கும் யார் கொண்டுபோவது? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சிறிய செல் கருவிகளை மின்கம்பம், விளக்குக் கம்பம் போன்றவற்றில் மாட்டிக்கொள்ள 2022-இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. ஊர்ப்புறத்தில் அதற்கு ஆண்டுக்கு 150 ரூபாய் கட்டணம் வைத்தது. நிறுவனத்துக்கு 150 ரூபாயில் ஒரு கம்பம் கிடைக்கலாம் என்றால், வரி கட்டும் விவசாயிக்குத் தன் ஊர்த் தொட்டியின் தூணில் ஓரடி இடம் ஏன் கிடைக்கக்கூடாது?

எதிர்க்கேள்விகள் வரும். அவற்றில் மிகக் கனமானது தண்ணீரின் பாதுகாப்பு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமைக்குப் பிறகு, கண்டவர்களும் தொட்டியில் ஏற அனுமதிப்பதை யாரும் ஏற்கமாட்டார்கள்; ஏற்கவும் கூடாது. ஆகவே டிஷ்ஷைத் தொட்டியின் கூரையில் வைக்கவே கூடாது. தண்ணீர் நிற்கும் பகுதிக்குக் கீழே, தூணில்தான் வைக்கவேண்டும். மேல்படியின் கதவு பூட்டியே இருக்கவேண்டும். பதிவு செய்த ஆள், டேங்க் ஆபரேட்டர் உடனிருக்க, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டே ஏறவேண்டும். அதோடு, அந்தத் தொட்டிக்கு இணையம் வந்தால் படிக்கட்டைப் பார்த்தபடி ஒரு கேமராவும் வைக்கலாம். இன்று பல தொட்டிகளுக்கு ஒழுங்கான பூட்டுகூட இல்லை. இந்தத் திட்டம் அவற்றின் பாதுகாப்பைக் கூட்டவேண்டும். கூட்டாத இடத்தில் அனுமதி தரவேண்டாம்.

தொட்டி தாங்குமா என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைச் சுமக்கும் தூணுக்கு ஒன்றிரண்டு கிலோ டிஷ் பாரமே இல்லை. துளை போடாமல், வளையப் பட்டை போட்டு இறுக்கச் சொல்லலாம். கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும் தொட்டிகளை விலக்கிவிடலாம். கதிர்வீச்சு பற்றிக் கேட்பார்கள். லைசென்ஸ் விலக்குக் கொடுத்த விதிப்படி, டிஷ் குவித்துக் கொடுக்கும் பலத்தையும் சேர்த்து 4 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. அதுவும் தலைக்கு மேலே, ஒரே திசையில் போகிறது. ஊரில் வலுத்தவர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவரை ஒதுக்குவார் என்ற பயமும் நியாயமானதுதான். அதனால்தான் வாய்மொழி அனுமதி போதாது, எழுதிய விதி வேண்டும் என்கிறேன். எழுதாத அனுமதி எப்போதும் வலுத்தவருக்கே கிடைக்கும்.

செயற்கைக்கோள் இணையம்தான் வரப்போகிறதே என்பவர்களும் உண்டு. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025-இல் மத்திய அரசு உரிமம் கொடுத்தது உண்மை. வரட்டும்; வேறு வழியே இல்லாத மலைக்கு அது உதவும். ஆனால் எட்டு கிலோமீட்டரில் நல்ல கண்ணாடியிழை இருக்கும்போது, கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு விண்வெளி வழியாக விலை கொடுத்து வாங்கித் தரவேண்டிய அவசியம் என்ன? கிராமத்திலிருந்து உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்பதை மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஸோஹோ அலுவலகம் இந்த மாவட்டத்துக்குக் காட்டிவிட்டது. அங்கே வேலைக்குப் போகும் கனவு இருக்கிற பிள்ளை, தோப்புக்குள் இருக்கிறது என்பதற்காகச் சிக்னல் தேடி அலையக்கூடாது.

நான் கேட்பது இதுதான். ஊரக வளர்ச்சித் துறை ஓர் அரசாணை போடட்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் உறுதியான தொட்டிகளைப் பொறியாளர் பார்த்துப் பட்டியலிடட்டும். தூணில் டிஷ் வைக்க ஒரு பக்கப் படிவமும், நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் கட்டணத்துக்கு மிகாத ஆண்டுக் கட்டணமும் போதும். முப்பது நாளில் அனுமதி தரவேண்டும், அல்லது காரணத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். பட்டியல் சமூகக் குடியிருப்பு, பழங்குடிக் குடியிருப்பு, பள்ளி, அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம் இவற்றுக்குப் போகும் இணைப்புக்கு முதலிடம். தனியார் தன் சொந்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். அக்கம்பக்கத்துக்கு விற்பதானால், மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்த பி.எம்.-வாணி திட்டத்தின் கீழ் செய்யட்டும். டீக்கடைக்காரரும் லைசென்ஸ் இல்லாமல் வைஃபை விற்க அதில் இடமிருக்கிறது.

அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. மேலகரத்திலோ வல்லத்திலோ ஆய்க்குடியிலோ, கண்ணாடியிழை வந்துவிட்ட ஊரில் இருப்பவருக்கு வெளியே ஒரு தங்கச்சியோ மாமாவோ சிக்னல் இல்லாத தோப்பில் இருப்பார்கள். அந்தத் தோப்பு இருக்கிற ஊராட்சியின் அடுத்த கிராம சபையில் எழுந்து, எங்கள் தொட்டியின் தூணில் ஊர்க்காரர்களின் இணைய டிஷ்ஷுக்கு இடம் தரவேண்டும், இன்னின்ன பாதுகாப்போடு தரவேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். மினிட் புத்தகத்தில் ஏறிவிட்டால் அதற்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு அலுவலகத்துக்கு வந்துவிடும். பத்து ஊராட்சியில் ஏறினால் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். நூறு ஊராட்சியில் ஏறினால் அரசாணை தானாக வரும்.